காவிரி டெல்டாவில் கல்லையும் கனிமத்தையும் இனங்காணுதல்: முழுமையான வழிகாட்டி

கல்லைப் பற்றிக் கற்க விரும்புகிறவர்கள் பிற மாவட்டங்களில் நேராகக் குன்றுக்குப் போய்விடலாம். கல்லணைக்குக் கிழக்கே குடியிருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. இங்கே காலுக்குக் கீழே இருப்பதெல்லாம் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலும் மணலும் களியும்தான். காவிரி தன் பெரிய கற்களை மேற்கிலேயே விட்டுவிட்டு, பொடித்த மணலை மட்டுமே இந்தச் சமவெளிக்குக் கொண்டுவருகிறது. ஆகவே கும்பகோணத்திலோ திருவாரூரிலோ மன்னார்குடியிலோ கைப்பிடி அளவுள்ள ஒரு கல்லைக் கண்டால், அதை யாரோ ஒருவர் வண்டியிலோ ரயிலிலோ லாரியிலோ கொண்டுவந்திருக்கிறார் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லத்தை ஒட்டிய செம்மண் மேடு இதற்கு முக்கியமான விலக்கு.

இதனால் ஒரு சங்கடமும் ஒரு நன்மையும் உண்டாகின்றன. மலையடிவாரத்தில் கல்லைப் பார்க்கும் நிலவியலாளருக்குச் சுற்றியுள்ள பாறையே பாதி விடையைச் சொல்லிவிடும். பிறந்த இடத்திலிருந்து பிரிந்து வந்த கல்லை வைத்திருக்கும் நமக்கு அந்த உதவி கிடையாது. கல்லின் மிளிர்வு, கடினம், உடையும் விதம், கனம் ஆகிய அதன் சொந்தக் குணங்களை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. ஊகத்துக்கு இடமில்லாத இந்தப் பயிற்சி, தொடக்கத்தில் கடுமையாகத் தோன்றினாலும், நல்ல அடித்தளமாக அமையும் என்பது என் கருத்து.

தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட வேதியியல் அமைப்பும் ஒழுங்கான அணு அடுக்கும் கொண்ட இயற்கைப் பொருள் கனிமம். பெரும்பாலும் பல கனிமங்கள் சேர்ந்து ஆன திரள் பாறை. குவார்ட்ஸ் ஒரு கனிமம். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அப்பிரகமும் (மைக்கா) இறுகக் கோத்துக்கொண்டிருக்கும் கிரானைட் ஒரு பாறை. கீழே வரும் சோதனைகள் அனைத்தும் கனிமத்துக்கு உரியவை. பாறையைச் சோதிக்கும்போது அதிலுள்ள ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தேவையான பொருட்கள்

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று அவசியம்; நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் மடிப்பு லென்ஸே போதும். இதனுடன் ஒரு செம்புக் கம்பித் துண்டு, ஓர் இரும்பு ஆணி, ஓரம் மழுக்கிய கண்ணாடித் துண்டு, சாதாரணக் காந்தம் ஒன்று, ஒரு கிராம் வரை துல்லியம் காட்டும் சமையலறை எடைக்கருவி, தையல் நூல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படியில் வரும் கீற்றுச் சோதனைக்கு மெருகு ஏற்றாத வெள்ளைப் பீங்கான் பரப்பு வேண்டும். பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில் மெருகு படாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அது இதற்கு நன்றாகப் பயன்படும். சுவர் டைல்ஸின் பின்புறத்தையும் பயன்படுத்தலாம், ஆனால் அது செம்மண் நிறத்தில் இல்லாமல் வெள்ளையாக இருக்க வேண்டும்.

முதல் படி: கழுவுதலும் புதிய முகமும்

கல்லின் வெளித்தோல் பெரும்பாலும் பொய் சொல்லும். வெயிலும் மழையும் பட்ட ஃபெல்ட்ஸ்பார் களியாக மாறி மங்கிவிடும்; இரும்பு கலந்த கனிமம் துருப்பிடித்துப் பழுப்பாகும்; குளத்துக் கல்லில் பாசி படர்ந்திருக்கும். எனவே கல்லைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தபின், ஓர் ஓரத்தைச் சுத்தியலால் தட்டிப் புதிய முகத்தை வெளிக்கொணர வேண்டும். கல்லைப் பழைய சாக்கில் சுற்றிக்கொண்டு தட்டுவது கண்ணுக்குப் பாதுகாப்பு.

கோயில் கல்லிலும் கல்வெட்டிலும் பழைய கட்டடங்களிலும் தட்டவோ கீறவோ அமிலம் விடவோ கூடாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்துவது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். அங்கே கண்ணும் லென்ஸும் மட்டுமே நமக்கு உரிமையான கருவிகள்.

இரண்டாம் படி: மிளிர்வும் நிறமும்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கல் உலோகம் போல மிளிர்கிறதா இல்லையா என்பதாகும். மேக்னடைட், பைரைட் போன்றவை உலோக மிளிர்வு உடையவை. மற்றவற்றில் குவார்ட்ஸ் கண்ணாடி மிளிர்வையும், அப்பிரகம் முத்து மிளிர்வையும், நார் வகை ஜிப்சம் பட்டு மிளிர்வையும் காட்டும். மாக்கல் எண்ணெய் தடவியது போன்ற மிளிர்வைக் காட்டும். வெளிச்சத்தில் கல்லை மெதுவாகத் திருப்பினால் சில மணிகள் ஒரே கணத்தில் பளிச்சிட்டு மறையும். அவை தட்டையான பிளவுத்தளம் கொண்டவை. கிரானைட்டில் இப்படிப் பளிச்சிடுபவை ஃபெல்ட்ஸ்பாரும் அப்பிரகமும். எந்தக் கோணத்திலும் பளிச்சிடாமல் ஈரமான கண்ணாடி போலத் தோன்றும் மணிகள் குவார்ட்ஸ்.

நிறத்தை எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அதைக் கடைசியில் நம்புவது நல்லது. குவார்ட்ஸ் ஒன்றே நிறமற்றும், வெள்ளையாகவும், புகை நிறமாகவும், ஊதாவாகவும், இளஞ்சிவப்பாகவும் கிடைக்கிறது. மிகச் சிறிய அளவிலான கலப்பே இந்த நிறங்களுக்குப் போதும்.

மூன்றாம் படி: கீற்று

பொற்கொல்லர் உரைகல்லில் பொன்னை இழுத்துப் பார்ப்பதை டெல்டாவில் அறியாதவர் இல்லை. அதே செயலைக் கனிமத்துக்குச் செய்தால் கீற்றுச் சோதனை ஆகும். கல்லைப் பீங்கானில் அழுத்தி இழுத்து, படிந்த தூளின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கட்டியின் நிறம் மாறினாலும் தூளின் நிறம் பெரும்பாலும் மாறுவதில்லை. கருப்பாகப் பளபளக்கும் ஹெமடைட் செம்பழுப்புக் கீற்றும், அதே போலக் கருப்பாகத் தோன்றும் மேக்னடைட் கருங்கீற்றும் விடும். செம்புறாங்கல்லில் உள்ள நீரேறிய இரும்புக் கனிமங்கள் மஞ்சள் பழுப்பாக எழுதும். தங்கம் என்று மயங்க வைக்கும் பைரைட்டின் கீற்றோ பச்சை கலந்த கருப்பு.

பீங்கானின் கடினம் ஏறத்தாழ 6.5 முதல் 7 வரை இருப்பதால், குவார்ட்ஸும் கார்னெட்டும் கீற்று விடாமல் பீங்கானையே சுரண்டிவிடும். வெள்ளைத் தூள் தெரிந்தால் அது கல்லின் தூளா பீங்கானின் தூளா என்று விரலால் துடைத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

நான்காம் படி: கடினத்தன்மை

என் அனுபவத்தில் மிகப் பயனுள்ள சோதனை இதுதான். ஃபிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த வரிசை இன்றும் வழக்கில் இருக்கிறது: டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளூரைட் 4, அபடைட் 5, ஆர்த்தோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, டோபாஸ் 8, குருந்தம் 9, வைரம் 10. எண் கூடியது எண் குறைந்ததைக் கீறும் என்பதைத் தவிர இந்த எண்களுக்கு வேறு பொருள் இல்லை. அடுத்தடுத்த படிகளுக்கு இடைவெளி சமமானதும் அன்று.

வீட்டில் இருக்கும் அளவுகோல்கள் இவை. விரல் நகம் ஏறக்குறைய 2.5, செம்புக் கம்பி 3, இரும்பு ஆணி 5க்கு அருகில், கண்ணாடி 5.5. இன்றைய நாணயங்கள் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை என்பதால், பழைய பாடநூல்களில் செப்பு நாணயம் என்று எழுதியிருக்கும் இடத்தில் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

முறை எளிது. முதலில் நகத்தால் கீறுங்கள். கீறல் விழுந்தால் மாக்கல், ஜிப்சம் போன்ற மென்மையானவற்றில் ஒன்று. விழாவிட்டால் செம்பு, அடுத்து ஆணி. ஆணியும் தோற்றால் கல்லின் கூரிய முனையால் கண்ணாடியை அழுத்தி இழுங்கள். கண்ணாடியில் ஆழமாகக் கோடு விழுந்தால் குவார்ட்ஸ் அல்லது அதைவிடக் கடினமானது. சிரமப்பட்டு மெல்லிய கோடு விழுந்தால் ஃபெல்ட்ஸ்பாராக இருக்கலாம். இங்கே இரண்டு ஏமாற்றங்கள் உண்டு. மென்மையான பொருள் கடினமான பொருளின் மேல் தன் தூளை விட்டுச்செல்லும். அது கீறல் போலவே தெரியும், ஆனால் துடைத்தால் போய்விடும். அடுத்தது மணற்பாறை போன்றவற்றைக் கீறும்போது மணிகள் உதிர்வது. அது மணிகளைப் பிணைத்திருக்கும் பொருளின் தளர்வையே காட்டுகிறது.

கும்பகோணம் பக்கத்து வீடுகளில் வற்றல் குழம்பு வைக்கும் கல்சட்டி மாக்கல்லால் ஆனது. டால்க் நிறைந்த பாறை என்பதால் அதைக் கடைந்து குடைய முடிகிறது. அது சூட்டை நெடுநேரம் தாங்கி வைத்துக்கொள்ளவும் செய்கிறது. உடைந்த கல்சட்டி ஓடு கிடைத்தால் அதை எறியாதீர்கள். மோஸ் வரிசையின் அடிப்படியைக் கையால் தொட்டு அறிய அதைவிட நல்ல மாதிரி எளிதில் அமையாது.

ஐந்தாம் படி: பிளவும் முறிவும்

ஒரு கனிமம் உடையும்போது குறிப்பிட்ட தளங்களில் தட்டையாகப் பிரிந்தால் அதைப் பிளவு என்றும், ஒழுங்கின்றி உடைந்தால் முறிவு என்றும் சொல்வார்கள். அப்பிரகம் ஒரே திசையில் ஏடு ஏடாகப் பிரியும். ஃபெல்ட்ஸ்பார் ஏறத்தாழச் செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு திசைகளில் உடையும். கால்சைட் மூன்று திசைகளில் உடைந்து சாய்ந்த பெட்டி வடிவத் துண்டுகளைத் தரும். வேதாரண்யத்துக் கல்லுப்பைக் கைலென்ஸில் பார்த்தால், மூன்று திசைகளும் செங்கோணத்தில் சந்திக்கும் கனசதுரங்களைக் காணலாம். உப்பும் ஒரு கனிமமே; அதன் பெயர் ஹாலைட்.

குவார்ட்ஸுக்குச் சொல்லத்தக்க பிளவு இல்லை. அது உடைந்தால் கண்ணாடி போலவே வளைந்த, சிப்பியின் உட்புறம் போன்ற வளையங்களுடன் கூடிய முகத்தைக் காட்டும். வல்லத்தில் கிடைத்த தெளிவான குவார்ட்ஸ் கற்களை அறுத்து ஒரு காலத்தில் மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்தார்கள். அங்கே இன்றும் தெளிந்த கூழாங்கல் கண்ணில் படலாம். ஆனால் தேய்ந்த பாட்டில் கண்ணாடியும் அதே போலத் தோன்றும். உள்ளே உருண்டையான காற்றுக் குமிழிகள் தெரிந்தால் கண்ணாடி என்று கொள்ளலாம். குமிழி இல்லாவிட்டால் கடினச் சோதனை தீர்ப்பளிக்கும்: குவார்ட்ஸ் ஜன்னல் கண்ணாடியைத் தெளிவாகக் கீறும்.

ஒளி ஊடுருவும் மெல்லிய ஏடுகளும் மயக்கம் தருபவை. கொள்ளிடத்துக்கு வடக்கே பெரம்பலூர் மாவட்டத்துக் காரை பகுதியின் களிமண் நிலத்தில் ஜிப்சம் படிகங்கள் தெளிந்த தகடுகளாகக் கிடைக்கின்றன. ஊரார் காக்காப்பொன் என்று சொல்லும் அப்பிரகமும் தெளிந்த தகடுதான். மெல்லிய ஏட்டை வளைத்துப் பாருங்கள்: அப்பிரகம் விட்டதும் நிமிர்ந்துகொள்ளும், ஜிப்சம் வளைந்தபடியே நிற்கும் அல்லது முறியும்.

ஆறாம் படி: ஒப்படர்த்தி

ஒரு பொருள் அதே பருமனுள்ள நீரைவிட எத்தனை மடங்கு கனமானது என்பதே ஒப்படர்த்தி. கையில் தூக்கிப் பார்த்தே கனமான கல்லைப் பழகிய கை கண்டுகொள்ளும். எண்ணாக அறிய விரும்பினால் முதலில் உலர்ந்த கல்லை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எடைக்கருவியின் மேல் தண்ணீர் உள்ள அகலமான பாத்திரத்தை வைத்து, அளவைப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையும் பக்கத்தையும் தொடாதபடி நீரில் முழுவதும் மூழ்கத் தொங்கவிடுங்கள். அப்போது கருவி காட்டும் எடை, கல் இடம்பெயர்த்த நீரின் எடை. உலர் எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். உதாரணமாக உலர் எடை 212 கிராம், நீரில் காட்டும் அளவு 80 கிராம் என்றால் விடை 2.65, இது குவார்ட்ஸின் ஒப்படர்த்தி.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள்: ஹாலைட் 2.2, ஜிப்சம் 2.3, கால்சைட் 2.7, இல்மனைட் ஏறத்தாழ 4.7, மேக்னடைட் 5.2. செந்நிற அல்மண்டைன் கார்னெட் 4 முதல் 4.3 வரை வரும். துளையுள்ள கல்லுக்கு இம்முறை சரிப்படாது. ஐம்பது கிராமுக்குக் குறைந்த கல்லுக்கும் பிழை மிகுதியாகும்.

ஏழாம் படி: அமிலமும் காந்தமும்

கால்சைட்டின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கரியமில வாயு நுரைத்தெழும். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் இதைச் செய்யலாம். வீட்டில் குளியலறை அமிலத்தைத் தொட வேண்டாம். கல்லைச் சற்றுப் பொடித்து அதன்மேல் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டு, லென்ஸ் வழியே குமிழிகளைப் பார்த்தாலே போதும். டோலமைட் கட்டியாக இருக்கும்போது பெரும்பாலும் பேசாமல் இருந்து, பொடித்தபின் மெல்ல நுரைக்கும்.

அடுப்பு மேடைகளில் பதித்திருக்கும் கருமையான கடப்பா கல் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ சிந்தி நின்ற இடத்தில் அதன் மெருகு போய்த் திட்டாவதற்குக் காரணம் இந்த வினையே. கிரானைட் மேடையில் இப்படி நேராது. கோலமாவு விற்பவர் கல்மாவு என்று கொடுப்பதையும் இவ்வாறே பிரித்தறியலாம்: வினிகரில் நுரைத்தால் அது சுண்ணாம்புப் பாறையோ பளிங்குப் பொடியோ, நுரைக்காமல் கண்ணாடியின் மேல் வைத்துத் தேய்க்கையில் கீறினால் குவார்ட்ஸ், நுரைக்காமலும் கீறாமலும் வழுக்கினால் மாக்கல்.

காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பயன்படுத்துவது நல்லது. இல்லாவிட்டால் ஒட்டிய துகளைப் பிரிப்பது பெரும்பாடு. சாதாரணக் காந்தத்தில் துள்ளி ஒட்டுவது மேக்னடைட். ஆனால் பட்டறைக்கு அருகிலும் சாலையோரத்திலும் எடுத்த மணலில் இரும்புத்தூள் கலந்திருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மணலைப் படித்தல்

டெல்டாவுக்கே உரிய பாடம் மணல். குடகு முதல் திருச்சி வரை ஆறு கடந்துவந்த நைஸ், சார்னோக்கைட் (இவ்விரண்டையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்), கிரானைட் பாறைகளின் கனிமங்கள் எல்லாம் ஒரு பிடி மணலில் கலந்து கிடக்கின்றன. வேறெங்கும் நடக்காமல் அவற்றை ஒரே தட்டில் பார்க்க முடிவது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. உள்ளங்கை அளவு மணல் போதும். அதற்குமேல் அள்ளுவதற்கு அவசியமும் இல்லை, அனுமதியும் இல்லை.

மணலைத் தட்டையான தாம்பாளத்தில் இட்டு, தண்ணீர் விட்டு, அரிசியில் கல் அரிப்பதைப் போல வட்டமாக ஆட்டிச் சாய்த்தால், லேசான வெள்ளை மணிகள் நீரோடு வழிந்து, கனமானவை கருங்கீற்றாகத் தட்டின் ஓரத்தில் தங்கும். வழிந்ததைத் தனியே உலர்த்திப் பாருங்கள். நிறமற்ற, கண்ணாடி போன்ற மணிகள் குவார்ட்ஸ், பெரும்பகுதி அதுவே. பால் நிறத்திலோ வெளிர் சிவப்பிலோ, தட்டையான முகத்தோடு, சற்று மங்கலாக இருப்பவை ஃபெல்ட்ஸ்பார். ஏடுகளாக மின்னுவது அப்பிரகம். லேசான ஏடு என்பதால் அது நீரில் கடைசியாகவே அமிழும்.

தங்கிய கருங்கீற்றை உலர்த்திக் காந்தத்தை அருகே கொண்டு சென்றால் மேக்னடைட் எழுந்து ஒட்டிக்கொள்ளும். எஞ்சிய கருமணியில் இல்மனைட் இருக்கக்கூடும். வலிமை மிக்க நியோடிமியம் காந்தம் அதையும் இழுக்கும். இளஞ்சிவப்பாக, பிளவே இல்லாமல் கண்ணாடித் துளி போல மின்னுபவை கார்னெட். பூம்புகார், தரங்கம்பாடிக் கடற்கரைகளில் இந்தப் பிரிப்பு வேலையை அலையே செய்துவிடுகிறது: கொந்தளிப்பு அடங்கிய பிறகு கரையில் தெரியும் கருமையும் செம்மையுமான பட்டைகள் இந்தக் கனமான மணிகளே. ஆற்றுமணலையும் கடல்மணலையும் பக்கத்தில் வைத்து வினிகர் விட்டுப் பார்த்தால் மற்றொரு வேறுபாடும் புலப்படும். கடல்மணலில் சிப்பித் துணுக்குகள் நுரைக்கும்.

கொண்டுவந்த கற்கள்

ரயில் பாதையோரத்து ஜல்லியையும் வீடு கட்டும் இடத்து ஜல்லியையும் எடுத்துப் பார்த்தால் சில வகைகள் திரும்பத் திரும்ப வரும். (தண்டவாளத்தில் இறங்க வேண்டாம், கட்டுமான இடத்து ஜல்லியே போதும்.) வெளுப்பும் கருப்பும் பட்டைகளாக மாறி மாறி ஓடினால் நைஸ். பட்டை இல்லாமல், கண்ணுக்குத் தெரியும் மணிகள் எல்லாத் திசையிலும் ஒன்றுபோலக் கலந்திருந்தால் கிரானைட். நீலம் கலந்த சாம்பல் அல்லது பச்சை கலந்த கருநிறத்தில், எண்ணெய்ப் பசை போன்ற மிளிர்வோடு, அதன் குவார்ட்ஸ் மணிகளும் நீலச்சாயலோடு இருந்தால் சார்னோக்கைட். கொல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதால், தாமஸ் ஹாலண்ட் 1893இல் இதற்கு அந்தப் பெயரை இட்டார். இதன் மூல இடமாகக் கருதப்படுவது சென்னையை அடுத்த பல்லாவரம். மணிகளே கண்ணுக்குப் புலப்படாத, கனத்த, ஒரே கருமையான கல்லாக இருந்தால் டோலரைட் என்று கருதலாம். வணிகத்தில் கருப்பு கிரானைட் என்று விற்கப்படுவதில் இதுவும் அடங்கும்; அதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு அல்லது இல்லை என்பதால் நிலவியலில் அது கிரானைட் ஆகாது.

1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கற்கள் கிரானைட் வகையைச் சேர்ந்தவை. வெட்டி எடுக்கத்தக்க அத்தகைய பாறை நகரத்தில் எங்கும் இல்லை. எல்லாம் மேற்கேயும் தெற்கேயும் இருந்து வந்தவை. சுற்றுச்சுவரை ஒட்டி நடக்கும்போது, மணிகளின் பருமனும் ஃபெல்ட்ஸ்பாரின் நிறமும் கல்லுக்குக் கல் மாறுவதைத் தொடாமலே கவனிக்கலாம். தாராசுரத்தில் தட்டினால் இசை ஒலிக்கும் படிகள் இருக்கின்றன. இறுகிய, விரிசலற்ற கல் மணிபோல ஒலிப்பதும், உள்விரிசல் உள்ளது மந்தமாக ஒலிப்பதும் ஸ்தபதிகள் நன்கு அறிந்த சோதனை. ஒலியைக் கொண்டு ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பது சிற்ப மரபு. கனிமத்தின் பெயரை அந்த ஒலி சொல்லாது, ஆனால் அம்மியும் ஆட்டுக்கல்லும் வாங்குகிறவருக்கு அது பயன்படும்.

செம்புறாங்கல்லை அறிவது எளிது. துளைகள் நிறைந்தது, செம்பழுப்பானது, மஞ்சளிலிருந்து சிவப்பு வரை கீற்று விடுவது. நிலத்திலிருந்து வெட்டும்போது மென்மையாக இருந்து காற்றுப்பட்டபின் இறுகுவது. சுடுசெங்கல் துண்டோடு இதைக் குழப்புகிறவர்கள் உண்டு. செங்கல்லின் உடைந்த முகம் ஒரே சீரான களியாக இருக்கும். செம்புறாங்கல்லில் இரும்புக் கட்டிகளும் குழல் போன்ற துளைகளும் குவார்ட்ஸ் மணிகளும் கலந்து தெரியும்.

கடைசியாக, விண்கல் என்றும் எரிமலைக்கல் என்றும் சொல்லி வாங்கிவரப்படும் துளைமிக்க கருங்கட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெல்டாவில் எரிமலை இருந்ததற்கான பாறை எதுவும் நிலத்தின் மேல் இல்லை. பழைய ரயில் நிலையங்களின் அருகில் கிடைப்பது நீராவி எஞ்சின் காலத்தில் நிலக்கரி எரிந்து எஞ்சிய கசடுக் கட்டி. பட்டறைகளின் அருகில் கிடைப்பது உலோகக் கசடு. விண்கல்லுக்கு உள்ளே குமிழித் துளைகள் அநேகமாக இருப்பதில்லை. கையில் உள்ள கட்டியை உடைத்து, புதிய முகம் முழுவதும் பஞ்சு போலத் துளையாக இருந்தால் அதைக் கசடு என்று எழுதி ஒதுக்கலாம். துளையின்றிக் கனமாக, மெல்லிய கரும்தோலோடு, காந்தத்தை இழுப்பதாக இருந்தால் மட்டும் மேலும் உடைக்காமல் ஒரு கல்லூரியின் நிலவியல் துறைக்கு எடுத்துச் செல்லுங்கள். கிடைத்த இடத்தையும் நாளையும் துண்டுச்சீட்டில் எழுதிக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கொடுப்பது அவர்களுக்கு உதவும்.